ஏரிக்கரை இறக்கம்

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளியில் இப்போது அவள்தான் பி.டி. டீச்சர். "டீச்சர், நம்ம சைக்கிள் ஷெட்ட பிரிக்கிறாங்க. கார் நிறுத்த எடம் பத்தலையாம். உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

பிரிக்கட்டும் என்றேன். நான் பதறுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது, குரல் இறங்கிவிட்டது. ஒழுகுகிற தகர ஷெட்டுக்காக அழுகிற தெம்பு எனக்கு இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. காலையில் கட்டிலை விட்டு எழுந்து நிற்பதற்கே ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் மைதானத்தில் கத்தியதில் தொண்டையும் கரகரத்துக் கிடக்கிறது. தருமபுரியில் எங்கள் தெருவுக்கு வருகிற காய்கறிக்காரர் தினமும், "சளியாங்க?" என்று விசாரிக்கிறார்.

நித்யா விடவில்லை. "ஷெட்டுல இப்ப சைக்கிளே நிக்கிறதில்ல டீச்சர். பாதிப் பேரு வேன்ல வர்றாங்க, மீதிப் பேர அம்மாங்க ஸ்கூட்டியில கொண்டாந்து வுடறாங்க. கவர்மெண்ட்டு குடுத்த சைக்கிளு வூட்டுல துணி காயப் போடத்தான் ஆவுது. நீங்க எப்படி அத்தன பொண்ணுங்களுக்கும் கத்துக் குடுத்தீங்க? எழுதிக் குடுங்களேன், ஆண்டு மலர்ல போடலாம்."

ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுகிற அந்த அம்மாக்களில் பாதிப் பேர் என்னிடம் சைக்கிள் கற்றவர்கள். ஒருத்தியைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பார்த்தபோது, "உன் பொண்ணு சைக்கிள் ஓட்டுவாளா?" என்று கேட்டேன். "இந்த டிராபிக்ல எப்படி டீச்சர் வுடறது, பயமா இருக்குதில்ல" என்றாள். அவளுக்கு நான் எவ்வளவு தூரம் பின்னால் ஓடியிருப்பேன் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். பிறகு, அவள் சொல்வதும் நியாயம்தானே என்று வந்துவிட்டேன். நாலு வழிச் சாலையில் பறக்கிற லாரிகளை நானும்தான் பார்க்கிறேன்.

ஆண்டு மலருக்கு ஏற்ற மாதிரி எழுத எனக்கு வராது. சைக்கிள் ஓட்டுவது உடம்புக்கு நல்லது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நித்யாவே எழுதிக்கொள்ளலாம். சைக்கிள் என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு இறக்கமும், ஒரு பெண்ணும், அவளுடைய அப்பாவும்தான். அதை எழுதுகிறேன். போட்டால் போடட்டும்.

நான் சைக்கிள் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. தீர்த்தமலை அடிவாரத்தில் அப்பா தேங்காய், பழம், கற்பூரம் விற்கிற கடை வைத்திருந்தார். தேங்காய் மூட்டை ஏற்றி வருகிற அவருடைய பெரிய சைக்கிளில், அவர் மத்தியானம் கண்ணயர்கிற நேரமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். விழுந்து எழுந்து வீட்டுக்குப் போனால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஓட்டினதற்கா விழுந்ததற்கா என்று சொல்லமாட்டாள். அப்புறம் உடற்கல்விப் படிப்பு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, வருஷக்கணக்கில் காத்திருப்பு, கடைசியாக நல்லம்பள்ளி பக்கம் இந்தப் பள்ளியில் வேலை. ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் என்றால் யார் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. மைக் வேலை செய்யாவிட்டால் கூப்பிடுவார்கள். விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைக்கக் கூப்பிடுவார்கள். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், கேட்கக்கூட மாட்டார்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள்கள் வந்து இறங்கினபோதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பாகம் பாகமாக லாரியில் வந்து இறங்கும். ஆட்கள் வந்து மைதானத்தில் உட்கார்ந்து பூட்டுவார்கள். நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பிரேக்கை அமுக்கிப் பார்த்து, ஆடுகிற நட்டையெல்லாம் மறுபடி முடுக்கச் சொல்லுவேன். விழா நடந்தது, பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கேட்டைத் திறந்துவிட்டபோதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். பையன்கள் பெல்லை அடித்துக்கொண்டே பறந்துவிட்டார்கள். பெண்கள் வரிசையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போகிறார்கள். புதுச் சைக்கிள், சீட்டில் பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. சைக்கிளை வாங்கி ஏறிப் போனார்கள். பெண்கள் பையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள்.

"ஏன்டி, உன் சைக்கிள்தானே? ஓட்டிட்டுப் போவ வேண்டியதுதானே?" என்று ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன்.

"ஓட்டத் தெரியாது டீச்சர்."

"தெரியாட்டி கத்துக்க."

"யாரு டீச்சர் கத்துக் குடுப்பா?" என்றாள். யார்மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசமாட்டார். நாம் போய் எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, வலது கண்ணாடியைத் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பிறகு இடது. கைக்குட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்மைப் பார்ப்பார். இதற்குள் பாதிப் பேருக்குக் கேட்க வந்ததே மறந்துபோகும். முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "செய்ங்க. ஆனா உங்க பொறுப்பு" என்பார். அதைக் கேட்ட பிறகு ஒரு ஆள் எதையாவது செய்வார் என்றால், அவருக்குக் கொஞ்சம் கிறுக்கு இருக்க வேண்டும்.

"காலையில பிரேயருக்கு முன்னாடி பொண்ணுங்களுக்கு சைக்கிள் கத்துக் குடுக்கலாம்னு இருக்கேன் சார்" என்றேன். கண்ணாடி துடைக்கப்பட்டது. "செய்ங்க டீச்சர். ஆனா உங்க பொறுப்பு" என்றார்.

முன்பு அவர் வேலை பார்த்த பள்ளியில் சுற்றுலா போன இடத்தில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டு, விசாரணையில் இவர் மட்டும் தனியாக நின்றாராம். கூடப் போன யாரும் வாயைத் திறக்கவில்லையாம். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அப்போது தெரிந்திருந்தால் அவர்மேல் அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அவரும் களைத்துப்போன மனிதர்தான். என்ன, இஸ்திரி போட்ட சட்டையில் அது வெளியே தெரியவில்லை.

நித்யா கேட்டாளே என்று கற்றுக்கொடுத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாடத்தில் யாரும் சைக்கிளில் ஏறக்கூடாது. சைக்கிளை இடது பக்கம் நின்று பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும், வளைக்க வேண்டும், பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். அது எந்தப் பக்கம் சாய்கிறது, சாய்ந்தால் எவ்வளவு கனம் என்று கை தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கடுத்து ஒரு காலை மட்டும் பெடலில் வைத்து, மறு காலால் தரையை உந்தி உந்திப் போவது. இதில்தான் நிறையப் பேர் விழுவார்கள், ஆனால் காலுக்குத் தரை பக்கத்தில் இருப்பதால் அடி பலமாகப் படாது. கடைசியாகத்தான் சீட். சீட்டில் ஏறினவளைக் கேரியரைப் பிடித்துத் தாங்கக்கூடாது. தாங்குவது தெரிந்தால் அவள் நம் கையை நம்பிச் சாய்வாள். தோளில் விரலை வைத்துக்கொண்டு கூட ஓட வேண்டும், விரலை எடுத்தது அவளுக்குத் தெரியக்கூடாது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தில் மாட்டும். இன்னொன்று, முன் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தவள் விழுவாள். "சக்கரத்த என்னா பாக்கற? அது எங்கயும் ஓடிராது. தூரத்துல பாரு, தூரத்துல பாரு" என்று கத்தியே என் தொண்டை போனது.

ஓட்டக் கற்ற பிறகு கேட்டுக்கு வெளியே அண்ணன்களின் கூட்டம் மெல்லக் குறைந்தது. ஒன்றிரண்டு பேர் சண்டைக்கும் வந்தார்கள். அதையெல்லாம் எழுதினால் பக்கம் போதாது.

கோகிலா சில வருஷங்கள் கழித்து வந்தவள். பள்ளியிலிருந்து மேற்கே போனால் ஏரி, ஏரியைத் தாண்டி மேட்டில் இருக்கிற கொட்டாய் அவளுடைய ஊர். எங்கள் பக்கம் காட்டுக்குள் தள்ளியிருக்கிற சின்ன ஊர்களைக் கொட்டாய் என்றுதான் சொல்லுவோம். அங்கே பஸ் வராது. பத்தாவது முடித்ததும் அந்தக் கொட்டாய்ப் பெண்களின் படிப்பு முடிந்துவிடும் என்பது வழக்கம். அந்த வருஷம் முதன்முதலாக ஒரு கூட்டம் பெண்கள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தார்கள். சைக்கிள் கிடைக்கும் என்ற ஒரே காரணம்தான். கோகிலாதான் அவர்களுக்கு முன்னால் வருவாள். கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற செங்குத்தான இறக்கத்தில், மற்ற பெண்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவள் மட்டும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து நிதானமாக ஓட்டி வருவாள். பார்த்துப் பார்த்து மற்றவர்களும் ஓட்டினார்கள்.

அவளுடைய அப்பா மாது, போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்பவர். வடக்கே எங்கெங்கோ போய்விடுவார், வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வந்திருந்தார்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, பிரேயருக்குப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்தேன். கொட்டாய்ப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே ஓடி வந்தாள். கோகிலா இறக்கத்தில் விழுந்துவிட்டாள். கீழே ரோட்டில் டிராக்டர் ஒன்று குறுக்கே போயிருக்கிறது. அவள் நிறுத்தவில்லை. ஓரத்தில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் சைக்கிளை விட்டுவிட்டாள். கை உடைந்துவிட்டது, முகமெல்லாம் ரத்தம்.

ஆம்புலன்ஸில் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைமையாசிரியர் அன்று மைதானத்துக்கே வந்தார். அவர் மைதானத்தில் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "காலையில சைக்கிள் கிளாசு இப்போதைக்கு வேணாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். 'உங்க பொறுப்பு' என்பதை அவர் சொல்லத் தேவையில்லை, ஸ்டாஃப் ரூமில் மற்றவர்களே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் கொட்டாயிலிருந்து ஒரு பெண்ணும் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கையில் மாவுக்கட்டு, உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு ஓட்டத் தெரியும் டீச்சர்."

"தெரியும். யாரு இல்லன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

அவள் அம்மா டம்ளர் கழுவப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "பிரேக் புடிக்கல டீச்சர். ரிம்முல எண்ணெ."

"யாரு போட்டது?"

"அப்பா" என்றாள். "பூசைக்கி வண்டியக் கழுவி, துரு புடிக்குதுன்னு டிராக்டர் ஆயிலு வாங்கியாந்து மொத்தமும் தொடச்சி வுட்டாரு. ரிம்மு, கம்பி, ஒண்ணு வுடல. மத்தியானம் பூரா அதுலயே உக்காந்திருந்தாரு டீச்சர். 'இங்க வா பாப்பா, எப்படி மின்னுது பாரு'ன்னு கூப்பிட்டுக் காட்டுனாரு."

"பிரேக் கட்ட புடிக்கிற ரிம்முல எண்ணெ ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"மொத நாளே நீங்க சொன்னீங்களே. தெரியும்."

"அப்புறம் ஏன்டி வாயத் தெறக்கல?"

"அப்பா எனக்குன்னு எதுவும் செஞ்சதில்ல டீச்சர். வருவாரு, படுத்திருப்பாரு, போயிருவாரு. அவ்ளோ சந்தோசமா செஞ்சத எப்படி வேணாங்கறது?"

"தொடச்சிட்டு வந்திருக்கலாமில்ல?"

"வாசல்லயே நின்னு பாத்துகினு இருந்தாரு. அவரு கண்ணு முன்னாடி எப்படி டீச்சர் தொடைக்கிறது? ஏரிக்கர வந்ததும் தொடச்சிக்கலாம்னு நெனச்சேன். அங்க போயும், நான் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் வாசல்லயே நின்னு பாத்தாரு. அதுக்குள்ள எறக்கம் வந்திருச்சு."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவள் நல்லாயிருந்த கையால் என் கையைப் பிடித்தாள். "அப்பாகிட்ட சொல்லிராதீங்க டீச்சர். தாங்கமாட்டாரு. எனக்கு ஓட்டத் தெரியலன்னே இருக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சரியின் கனம் தெரிந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றே இருந்தால், அவள் பள்ளிக்கூடம் போய்விடும், கூட வந்த பெண்களின் பள்ளிக்கூடமும் போய்விடும். சொன்னால், ஆசையாகத் துடைத்து வைத்த மனிதருக்கு மகளின் கையை நீதான் உடைத்தாய் என்று சொன்னதாகிவிடும். என் பேர் கெட்டது தனி. அதைப் பற்றி நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கோகிலா வீட்டுக்குத் திரும்பியபின் சனிக்கிழமை, பள்ளி ஷெட்டில் வைத்திருந்த என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். ஏரிக்கரை ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. வாசலில் நாலைந்து பேர் இருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தது கோகிலாவின் தாய்மாமன் கோவிந்தன். என்னைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை.

"வாங்க டீச்சர். நல்லாக் கத்துக் குடுத்தீங்க. பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இந்த சைக்கிளு? கை போச்சு. உசுரு போயிருந்தா நீங்க வந்து குடுப்பீங்களா? படிச்சது போதும். தை பொறந்தா எந்தம்பிக்கே முடிச்சிரலாம்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேன்."

"அதுக்குப் பதினாறு வயசுதாங்க ஆவுது" என்றேன்.

"அதெல்லாம் எங்க வூட்டு விசயங்க."

மாது ஒரு ஓரமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த உருவம், விரல் இடுக்கெல்லாம் போகாத கறுப்பு. "நாந்தாங்க டீச்சர் பூசைக்கித் தொடச்சி வச்சேன். வண்டி புதுசாட்டம் இருந்துச்சு. அவளுக்குத்தான் இன்னும் பழக்கம் பத்தல" என்றார். கதவுக்குப் பின்னால் கோகிலா நிற்பது தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பி, சந்தனப் பொட்டு காய்ந்துபோய், மண்ணும் எண்ணெயுமாக இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும், பேச முடியாது. அவள் அம்மாவிடம் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத் தூளும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். "வண்டி அழுக்கா கெடக்குதுங்க, பாக்க சகிக்கல" என்றேன். கவனம் போகக்கூடாது என்று மட்கார்டிலிருந்துதான் ஆரம்பித்தேன். முன்பக்கத்தை முழுக்கக் கழுவினேன். ஆனால் ரிம்மில் கை கொஞ்சம் அதிக நேரம் நின்றிருக்க வேண்டும்.

டீச்சர் வந்து தன் வாசலில் சைக்கிள் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு எந்த மனிதரால் உட்கார முடியும்? மாது எழுந்து வந்தார். "வுடுங்க டீச்சர், நான் பாக்கறேன்" என்று என் கையிலிருந்து நாரை வாங்கினார். முன் சக்கரத்தை நான் முடித்திருந்தேன். பின் சக்கரம் பாக்கி. சுற்றிவிட்டுப் பின் பிரேக்கை அமுக்கினார். சக்கரம் நிற்கவில்லை, பிரேக் கட்டைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு சுற்றியது. மறுபடி சுற்றி மறுபடி அமுக்கினார். குனிந்து ரிம்மில் ஒரு விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார்.

ரிக் வண்டியில் வேலை செய்கிற ஆள். பிரேக் டிரம்மில் ஆயில் பட்டால் பிரேக் என்ன ஆகும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த ஆளுக்குத் துரு கண்ணில் பட்டது, ரிம் கண்ணில் படவில்லை. துருப்பிடிப்பதற்கெல்லாம் ஆயில் போட்டே பழகின கை, இங்கேயும் போட்டுவிட்டது.

நாரைக் கீழே போட்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இது பாப்பாவுக்குத் தெரியுமாங்க டீச்சர்?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதை மட்டும் யோசிக்காமல் சொன்னேன்.

எழுந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வாசலுக்குப் போய்க் கோவிந்தன் முன்னால் நின்றார். "மச்சான், வண்டியக் கெடுத்தது நானு. சக்கரத்துல ஆயில் போட்டுட்டேன், பிரேக்கு புடிக்கல. அவ ஓட்டுனதுல தப்பில்ல. ஜல்லியில வுட்டதால பொழச்சா. டிராக்டருக்குள்ள வுட்டிருந்தா?"

"அதெல்லாம் சும்மா சொல்ற மாப்ள..."

"வந்து தொட்டுப் பாரு." கறுப்பு விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "கல்யாணப் பேச்சு வேணாம். அவ படிக்கட்டும்."

அவர் அந்த வீட்டில் அப்படிக் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லையாம். கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மாது அன்று சாயங்காலமே மற்ற பெண்களின் வீடு ஒவ்வொன்றாகப் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதைக் கோகிலாவின் அம்மா பிறகு சொன்னார். ஒரு ஆம்பளை, வீடு வீடாகப் போய், தான் செய்தது தப்பு என்று சொல்வது அந்தக் கொட்டாயில் சின்ன விஷயம் இல்லை. சில வீட்டில் சிரித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "அப்ப மறுபடி ஆரம்பிச்சிருங்க டீச்சர்" என்றார். வழக்கமான அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. நம்ம பொறுப்பு என்றும் சொல்லவில்லை, அந்த அளவுக்கு ஆசைப்படக்கூடாது.

பெண்கள் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. ஒருத்தியை நிறுத்தினது நிறுத்தினதுதான். நானும் இரண்டு மூன்று முறை போய்ப் பேசினேன், ஒரு முறை மிரட்டியும் பார்த்தேன். வேறு ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். இந்த வேலையில் இப்படித்தான். ஒரு கூட்டத்தைத் திரும்பக் கூட்டி வந்தோம் என்று மற்றவர்கள் பாராட்டும்போது, வராத ஒருத்தி மட்டும் நமக்குக் கண் முன்னால் நிற்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தால், உடம்பு வலியா மன வலியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கோகிலா கட்டுப் பிரிக்கும் வரை பள்ளிக்கு நடந்து வந்தாள். மாது வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. ரிக் முதலாளி போன் மேல் போன் போட்டும், கட்டுப் பிரித்த பிறகுதான் வருவேன் என்றுவிட்டாராம். பிரித்து, கை பழையபடி மடக்க நீட்ட வந்த பிறகு ஒரு நாள் கிளம்பினார்.

அன்று காலை நான் பள்ளிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் இறங்கி நின்றேன். ஏரிக்கரை இறக்கம் அங்கிருந்து நேராகத் தெரியும். மேலே ஒரு சைக்கிள் வந்தது. கோகிலா ஓட்டுகிறாள், பின்னால் கேரியரில் மாது உட்கார்ந்திருக்கிறார். துணிப்பை ஒன்று இரண்டு பேருக்கும் நடுவில். பெண் ஓட்ட அப்பா பின்னால் உட்கார்ந்து வருவதை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள். அவர் கால் இரண்டையும் அகட்டித் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, நிதானமாக இறக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

மாது இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெட்கமாகச் சிரித்தார். "நல்லா ஓட்டுறாங்க டீச்சர். ஏறதுக்கு முன்னாடி ரிம்ம ஒரு துணியில தொடச்சா. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். மொத நாளே நீங்க சொல்லிக் குடுத்ததாமே?"

"ஆமாங்க. ரிம்முல எண்ணெ ஆகாதுன்னு மொத நாளே சொல்லிருவேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப தெரிஞ்சேதான் ஏறியிருக்கா" என்றார்.

சேலம் பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் மகள் பக்கத்தில் போய் நின்றார். அவளைத் தொட்டுப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். கை தலைக்குப் போய், பிறகு தோளுக்குப் போய், கடைசியில் உடைந்து சேர்ந்த அந்தக் கையின் மேல் நின்றது.

"நான் எதுனா தப்பாச் செஞ்சா இனிமே சொல்லிரு பாப்பா" என்றார். "என் மொகத்தப் பாத்துகினு இருக்காத. சொல்லிரு."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. பஸ் நின்றது, கண்டக்டர் விசில் ஊதினார். மாது திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தார்.

"அப்பா" என்று கத்தினாள் கோகிலா. "பைய கேரியர்லயே வுட்டுட்டுப் போற."